திரையில் ஒரு கிரிக்கெட்: நிறையும் குறையும்

விளையாட்டு என்றால் மைதானம், வியர்வை, மணியடித்ததும் தண்ணீர்க் குழாயை நோக்கி ஓடும் ஓட்டம். இதுவே நம் அன்னையர் அறிந்த இலக்கணம். இன்று அதே சொல்லுக்கு மற்றொரு பொருளும் வந்துவிட்டது. நாற்காலியில் அமர்ந்தபடியே, பத்து விரல்களால் மட்டும் ஆடுவதும் விளையாட்டுத்தான் என்கிறார்கள் நம் அண்ணன்மார். "அது விளையாட்டல்ல, வீண் பொழுது" என்கிறார்கள் நம் தந்தையர். இவ்விரு கட்சிகளுக்கும் நடுவே நின்று, ஒரே ஒரு வீடியோ விளையாட்டை எடுத்துக்கொண்டு, அதன் நிறை எது, குறை எது என்று நடுநிலையோடு எடைபோட்டுப் பார்க்க மேல்நிலை முதலாண்டு மாணவியராகிய நாங்கள் விரும்பினோம்.

அதற்காக நாங்கள் தேர்ந்தது நேற்று வந்த விளையாட்டை அன்று. எங்களைவிட வயதில் மூத்ததை! அதன் பெயர் 'கிரிக்கெட் 07'. மதுரை வீதிகளில் பிரௌசிங் சென்டர்கள் பெருகியிருந்த நாளில், மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்து இளைஞர்கள் கூடி ஆடியது இதுவே. வந்து இருபது ஆண்டுகளை எட்டும் நிலையிலும் இதனை ஆடுவோர் இன்னும் இருக்கின்றனர். எத்தனையோ புதியவை வந்து மறைந்தபின்னும் ஒன்று நிலைத்திருக்கிறதென்றால், அதில் ஏதோ ஒரு சிறப்பு இருக்கத்தானே வேண்டும்?

பிறந்த வரலாறு

கிரிக்கெட் 07 வெளிவந்தது 2006 நவம்பரில். கனடா நாட்டின் நோவா ஸ்கோஷியா மாநிலத்தில் லூனன்பர்க் என்னும் சிறிய கடற்கரை நகரில் இயங்கிய எச்.பி. ஸ்டூடியோஸ் என்ற நிறுவனம் இதனை உருவாக்கியது. வெளியிட்டது அமெரிக்காவின் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ். கிரிக்கெட்டை அதிகம் ஆடாத கனடாவில் நம் ஊர்ப் பிள்ளைகளின் விருப்ப விளையாட்டு உருவானது வியப்பன்றோ! அதே நிறுவனம் 'ரக்பி 08' என்ற விளையாட்டையும் 2007-ல் ஆக்கித் தந்தது.

ரக்பி என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம். பந்தைக் கையால் முன்னோக்கி எறியக் கூடாது. பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான் தோழனிடம் தரலாம். நம் நாட்டுக்கும் அதற்கும் ஒரு பழைய உறவு உண்டு. கல்கத்தாவில் இயங்கிய ஒரு கழகம் கலைக்கப்பட்டபோது, அதன் உறுப்பினர்கள் வங்கியில் இருந்த தம் வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்து 1878-ல் இங்கிலாந்துக்கு அளித்தனர். நாகப் பாம்புகளைக் கைப்பிடிகளாகவும், யானையை மூடியின் மேலும் கொண்ட அந்தக் கல்கத்தா கோப்பைக்காகவே இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் போட்டியிட்டு வருகின்றன.

இரண்டு விளையாட்டுகளையும் ஒரே நிறுவனம் செய்திருந்தாலும் இரண்டும் கணிப்பொறிக்கு ஒரே அளவில் எளியவை அல்ல. ரக்பியில் ஒரு பக்கத்துக்கு 15 பேராக 30 பேரும் ஒரே நேரத்தில் இயங்குகின்றனர். உடலோடு உடல் மோதித் தள்ளுகிறது. அந்தத் தள்ளுமுள்ளை ஒரு பொத்தானால் எவ்வாறு காட்டுவது? கிரிக்கெட்டோ பந்து பந்தாகப் பிரிந்து நிற்கும் ஆட்டம். ஒருவர் வீசுகிறார், ஒருவர் அடிக்கிறார், பிறகு ஒரு சிறு ஓய்வு. ஒவ்வொரு பந்தும் தனிக் கணக்கு. ஆகவே கிரிக்கெட் கணிப்பொறிக்கு இயல்பாகவே இசைந்து வருகிறது எனலாம்.

ஆடும் முறை

அறியாதோர்க்காக ஆடும் முறையைச் சுருங்கச் சொல்வோம். பந்து வீசுபவர் முதலில் பந்தின் வகையைத் தேர்ந்தெடுக்கிறார்: வெளியே வளைவதா, உள்ளே வருவதா, சுழல்வதா என்று. பிறகு பந்து விழவேண்டிய இடத்தை ஒரு குறியால் அமைக்கிறார். மட்டை பிடிப்பவர் அக்குறியைக் கண்டு, முன்காலா பின்காலா, எந்தத் திசை, தரையோடா உயரத் தூக்கியா என்பதை முடிவு செய்து, உரிய கணத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். கணம் தப்பினால் விக்கெட் போயிற்று! பந்தைத் தடுப்போர் பெரும்பாலும் தாமாகவே ஓடிப் பிடித்துக்கொள்வர். எந்த முனைக்கு எறிவது என்பதை மட்டும் நாம் சொன்னால் போதும்.

நேர்முக வருணனை செய்பவர்கள் மார்க் நிக்கோலஸும் ரிச்சி பெனோவும். ஆஸ்திரேலிய அணியின் தலைவராக விளங்கிய பெனோ, 1956 அக்டோபரில் சென்னை கார்ப்பரேஷன் மைதானத்தில் நடந்த டெஸ்ட்டில் ஒரே இன்னிங்சில் 72 ஓட்டங்களுக்கு 7 விக்கெட் வீழ்த்தியவர். 2015-ல் அவர் மறைந்துவிட்டார். ஆயினும் இந்த விளையாட்டைத் திறந்தால் அவருடைய நிதானமான குரல் இன்றும் கேட்கிறது.

நிறைகள்

முதலாவது நிறை எளிமை. இதற்கு விலையுயர்ந்த கணிப்பொறி தேவையில்லை. இணைய வசதியும் வேண்டியதில்லை. நம் மாநிலத்தில் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி மாணவ மாணவியர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. அந்த மடிக்கணினியிலும் இது ஓடியது. கிராமத்து வீட்டுத் திண்ணையிலும், நகரத்து மாடியிலும் ஒரே விளையாட்டு! ஏழை, செல்வர் என்ற வேற்றுமை அதற்கு இல்லை.

இரண்டாவது, இது ஒரு நல்ல பாடநூல். கிரிக்கெட்டில் தடுப்போர் நிற்கும் இடங்களுக்குப் பத்திருபது பெயர்கள் உண்டு. கேட்டு மனப்பாடம் செய்வது கடினம். ஆடினால் இரண்டு நாளில் மனத்தில் பதியும். எல்.பி.டபிள்யூ. என்னும் விதியை எங்கள் வகுப்பில் பலர் இந்தத் திரையைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டோம். ஆறு ஓவரில் 54 ஓட்டம் வேண்டுமென்றால் ஓவருக்கு 9 என்று மனக்கணக்குப் போடும் வழக்கமும் தானே வந்துவிடுகிறது. கணக்கு ஆசிரியைகள் இதனைக் குறித்துக்கொள்வார்களாக!

மூன்றாவது, இது பணம் பறிப்பதில்லை. ஒருமுறை நிறுவினால் அவ்வளவே. நடுவே விளம்பரம் வராது. "இன்னும் காசு போடு" என்று கேட்காது. இணையத்தில் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களால் குடும்பங்கள் சீரழிந்ததையும், அத்தகைய ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நடுவண் அரசு சட்டம் இயற்றியதையும் நினைத்துப் பார்த்தால், இந்தப் பழைய விளையாட்டின் நேர்மை நன்கு விளங்கும். பெற்றோர்கள் எல்லா வீடியோ விளையாட்டுகளையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது என்பதற்கு இதுவே சான்று.

நான்காவது, ஒரே கணிப்பொறியில் இருவர் எதிரெதிராக அமர்ந்து ஆடலாம். அக்காளும் தம்பியும் தோளோடு தோள் சேர்ந்து அமர்ந்து, சண்டையிட்டு, சிரித்து, மறுபடி ஆடுவது முகமறியாதவரோடு ஆடுவதைவிட மேலானதல்லவா?

ஐந்தாவது நிறையே இதற்கு நீண்ட ஆயுளைத் தந்தது. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இதற்குப் பின் கணிப்பொறிக்கென்று வேறு கிரிக்கெட் விளையாட்டை வெளியிடவில்லை. ஐ.பி.எல். போட்டிகள் தொடங்கியதோ 2008 ஏப்ரலில். எனவே மூல விளையாட்டில் சென்னை அணியும் இல்லை, மும்பை அணியும் இல்லை. என்ன செய்தார்கள் ரசிகர்கள்? தாங்களே புதிய சீருடைகளை வரைந்து, வீரர்களின் பெயர்களைத் திருத்தி, மைதானங்களை மாற்றி, 'பேட்ச்' என்னும் ஒட்டுகளைச் செய்து ஒருவருக்கொருவர் வழங்கினர். கிழிந்த சட்டையை எறியாமல் தைத்து அணியும் நம் பாட்டிமாரின் சிக்கனம் கணிப்பொறியிலும் செல்லும் போலும்! அந்த வேலையில் இறங்கி, படம் வரையவும் கணிப்பொறி நிரல்களைப் புரிந்துகொள்ளவும் கற்ற இளைஞர் பலர்.

குறைகள்

இனிக் குறைகளைக் காண்போம். முதற்குறை, கணிப்பொறியின் அறிவு. எதிரணியை இயக்குவது, "இப்படி நேர்ந்தால் இப்படிச் செய்" என்று முன்னரே எழுதிவைத்த கட்டளைகள். அது நம்மிடமிருந்து எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஆகவே ஒரு குறிப்பிட்ட அடியைப் பழகிக்கொண்டவர் ஓவர்தோறும் சிக்சர்களாக விளாசலாம். மைதானத்தில் இது நடக்குமா? இரண்டு சிக்சர் வாங்கிய பந்துவீச்சாளர் மூன்றாவது பந்துக்குத் தடுப்போரை இடம் மாற்றுவார், வேகத்தைக் குறைப்பார், தலைவியிடம் கலந்து பேசுவார். சிந்திக்கும் எதிரியே நம்மையும் சிந்திக்கவைப்பார். டெஸ்ட் போட்டியிலும் இதே குறைதான். ஐந்து நாள் பொறுமையாக நின்று ஆடவேண்டிய ஆட்டத்தில் கணிப்பொறியின் அணி அவசரப்பட்டு அடித்து விரைவில் வீழ்ந்துவிடுகிறது. பொறுமை என்னும் குணத்தை நிரலாக எழுதுவது எளிதல்ல என்று தெரிகிறது.

இரண்டாவது குறை, பெயர்கள். இங்கிலாந்து, ஆஸ்திரேலிய வீரர்களின் உண்மைப் பெயர்கள் அப்படியே உள்ளன. நம் இந்திய வீரர்களின் பெயர்களோ எழுத்து மாறி, உருத்திரிந்து நிற்கின்றன. காரணம் பகை அன்று, உரிமை. ஒருவருடைய பெயரையும் உருவத்தையும் வாணிகத்துக்குப் பயன்படுத்த வேண்டுமானால் உரியவரிடம் ஒப்பந்தம் செய்து பணம் தரவேண்டும். 2006 நவம்பரில் ஆஸ்திரேலியாவில் ஆஷஸ் தொடர் தொடங்கவிருந்ததால், அந்த இரு நாட்டு உரிமைகளையே முதன்மையாகக் கருதி வாங்கினர். கிரிக்கெட்டை உயிராக மதிக்கும் கோடிக்கணக்கான மக்கள் இங்கிருந்தும், நம் வீரர்கள் பெயரிழந்து ஆடினர். பிற்பாடு நம் இளைஞர்களே அப்பெயர்களைத் திருத்திக்கொண்டனர்.

மூன்றாவது, மொழி. வருணனை முழுவதும் ஆங்கிலம். சில மணி நேரத்திலேயே அதே வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வந்து செவியைச் சலிப்படையச் செய்கின்றன. நம் பாட்டனார் காலத்தில் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து, சாத்தான்குளம் அப்துல் ஜப்பார், கூத்தபிரான், ராமமூர்த்தி ஆகியோரின் தமிழ் வருணனையைக் கேட்பார்களாம். மைதானத்தையே காணாதவர்க்கும் மைதானத்தைக் கண்முன் நிறுத்திய குரல்கள் அவை. திரை முழுதும் வண்ணமிருந்தும் அந்தச் சுவை இதில் இல்லை.

நான்காவது, உடல். 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பர். திரையில் நூறு ஓட்டம் எடுத்தவர் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது! நீர் வற்றிய வைகை மணலிலும், அறுவடை முடிந்த வயல்களிலும், கோடையில் காய்ந்த கண்மாய்களிலும் ஆடுவோர்க்குக் கிடைக்கும் கால் வலிமையை எந்தப் பொத்தானும் தருவதில்லை. அளவு மீறினால் ஆபத்தும் உண்டு. விளையாட்டை நிறுத்த முடியாமல் படிப்பும் உறக்கமும் உறவும் கெடும் நிலையை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. எங்கள் அண்ணன்மார் இதனைக் கூர்ந்து படிக்க வேண்டும்.

பெருங்குறை

இவை எல்லாவற்றையும்விட எங்கள் உள்ளத்தைத் தைத்த குறை ஒன்றுண்டு. கிரிக்கெட் 07 முழுவதும் தேடினாலும் ஒரு பெண் கூட இல்லை. மட்டை பிடிக்கவும் இல்லை, பந்து வீசவும் இல்லை.

"அந்நாளில் பெண்கள் கிரிக்கெட் ஆடினார்களா?" என்று எங்கள் தம்பி ஒருவன் கேட்டான். கேள்வி நியாயமானதே. ஆகவே விடையைத் தேடினோம். இந்தியப் பெண்கள் தம் முதல் டெஸ்ட் போட்டியை ஆடியது 1976-ல். அன்று முதல் ஆடிய சுதா ஷா தமிழ்நாட்டு அணியைச் சேர்ந்தவர். 21 டெஸ்ட் போட்டிகளில் நாட்டுக்காக விளையாடியவர். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மித்தாலி ராஜ் 2002-ல் இங்கிலாந்தின் டாண்டன் நகரில் 214 ஓட்டங்கள் குவித்தார். பெண்கள் டெஸ்ட்டில் அதுவரை யாரும் எட்டாத எண்ணிக்கை அது! 2005 ஏப்ரலில் மித்தாலியின் தலைமையில், சுதா ஷாவின் பயிற்சியில், நம் அணி தென்னாப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பையின் இறுதிப் போட்டி வரை சென்றது. 2006-ல் அதே டாண்டனில் இங்கிலாந்து அணியை டெஸ்ட்டில் வென்றது.

அதாவது, இந்த விளையாட்டு கடைக்கு வருவதற்குச் சில திங்கள் முன்னர்தான் நம் பெண்கள் இங்கிலாந்து மண்ணில் வெற்றிக் கொடி நாட்டியிருந்தனர். பெண்கள் ஆடவில்லை என்பதன்று. ஆடியதை எவரும் கண்டுகொள்ளவில்லை என்பதே உண்மை. நம் நாட்டிலேயே பெண்கள் கிரிக்கெட் சங்கம் தனித்து இயங்கி, 2006–07 அளவில்தான் இந்தியக் கிரிக்கெட் வாரியத்தோடு இணைந்தது. வாரியமே அப்போதுதான் சேர்த்துக்கொண்டதென்றால், கனடாவில் இருந்தோரை மட்டும் குறை கூறி என்ன பயன்?

மாற்றம் மெல்ல வந்தது. காற்பந்து விளையாட்டான 'ஃபிஃபா 16' என்பதில் 2015-ல் முதன்முறையாகப் பன்னிரண்டு நாட்டுப் பெண்கள் அணிகள் இடம்பெற்றன. 2017-ல் வந்த 'ஆஷஸ் கிரிக்கெட்' என்னும் விளையாட்டில் ஆஸ்திரேலிய, இங்கிலாந்துப் பெண்கள் தம் உண்மைப் பெயரோடும் முகத்தோடும் தோன்றினர். அதே 2017-ல் நம் பெண்கள் லார்ட்ஸ் மைதானத்தில் உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஒன்பது ஓட்டங்களில் தோற்றனர். 2025 நவம்பர் 2-ஆம் நாள் நவி மும்பையில், ஹர்மன்பிரீத் கவுர் தலைமையில், தென்னாப்பிரிக்காவை 52 ஓட்டங்களில் வென்று கோப்பையை நாட்டுக்குக் கொண்டுவந்தனர்.

ஒரு விளையாட்டில் பெண் இல்லாவிட்டால் என்ன குடி முழுகிவிட்டது என்று சிலர் கேட்கலாம். சிறு குழந்தை தான் காண்பதைத்தான் ஆக விரும்பும். ஆறு வயதுச் சிறுமி திரையில் நூறு ஆண்களை மட்டுமே கண்டால், இந்த ஆட்டம் தனக்கு உரியதன்று என்று யாரும் சொல்லாமலே முடிவு செய்துவிடுகிறாள். பிரௌசிங் சென்டர்களிலும் அவ்வாறே. அண்ணன் போகலாம், தங்கை போனால் ஊர் பேசும். திரைக்கு உள்ளேயும் இடமில்லை, திரைக்கு முன்னேயும் இடமில்லை. அந்த நிலையில் பெண்களின் கைக்குக் கணிப்பொறியைக் கொண்டுவந்து சேர்த்தது மேற்சொன்ன விலையில்லா மடிக்கணினி. அண்ணனுக்கு ஒன்று என்றால் தங்கைக்கும் ஒன்று! அந்த நன்மையை நாம் மறக்கலாகாது.

நாங்கள் கண்ட முடிவு

நிறையையும் குறையையும் தராசில் இட்டுப் பார்த்தபின் எங்களுக்குத் தோன்றுவது இதுதான். கிரிக்கெட் 07 நல்ல விளையாட்டு. ஆனால் அது கிரிக்கெட் அன்று. விதியைக் கற்பிக்கும், கணக்கைக் கற்பிக்கும், உடன்பிறந்தாரை ஓரிடத்தில் அமர்த்தும். பொறுமையையும், உடல் உரத்தையும், தோற்றபின் எதிரியின் கையைக் குலுக்கும் பெருந்தன்மையையும் அது கற்பிக்காது. அவற்றுக்கு மைதானமே பள்ளிக்கூடம்.

எனவே பெற்றோர்க்கு எங்கள் பணிவான விண்ணப்பம்: பிள்ளைகள் எதை ஆடுகிறார்கள் என்பதை அருகமர்ந்து பாருங்கள். காசு கேட்கிறதா, முகமறியாதவரோடு பேசச் சொல்கிறதா, நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறார்களா என்று கவனியுங்கள். அண்ணனுக்கு அரை மணி நேரம் என்றால் தங்கைக்கும் அரை மணி நேரம் கொடுங்கள். மாலையில் மைதானத்துக்கு அனுப்பும்போதும் இந்த நீதியையே கடைப்பிடியுங்கள். மதுரையிலேயே 2025 அக்டோபரில் புதியதொரு கிரிக்கெட் மைதானத்தை மகேந்திர சிங் தோனி திறந்துவைத்தார். அத்தகைய இடங்களில் நம் ஊர்ப் பெண்களின் காலடியும் பதிய வேண்டாமா?

தோழியர்க்கு ஒரு சொல். பழைய விளையாட்டில் தம் நாட்டு வீரர்களின் பெயர் இல்லாதபோது நம் இளைஞர்கள் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. தாமே எழுதிச் சேர்த்தனர். நம் வகுப்பிலும் கணிப்பொறி அறிவியல் பயில்வோர் இருக்கின்றனர். ஓவியம் தீட்டுவோர் இருக்கின்றனர். கிரிக்கெட் விதிகளைக் கரைத்துக் குடித்தவர்களும் இருக்கின்றனர். மித்தாலியையும் ஹர்மன்பிரீத்தையும் கொண்ட ஓர் அணியை, தமிழ் வருணனையோடு, நாமே ஏன் செய்யலாகாது? கோடை விடுமுறை வருகிறது. பந்தும் மட்டையும் ஒரு கையில், நிரல் எழுதும் ஏடு மறு கையில் என்று தொடங்குவோம்!